டயாலிசிஸ் பிரிவில் ஒருவருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் சி: அப்பாவை வேறு மையத்துக்கு மாற்ற வேண்டுமா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். டயாலிசிஸ் பிரிவுகளில் பணிபுரிவோரும், பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்வோரும் இங்கு இருப்பதால் சற்று விரிவாகவே கேட்கிறேன்.

என் தந்தைக்கு 67 வயது. நீரிழிவால் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், எங்கள் ஊருக்கு அருகிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் இடம் கிடைத்தது. ஒரே கூடத்தில் எட்டு இயந்திரங்கள், நாளொன்றுக்கு மூன்று ஷிப்ட். அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) போட்டிருக்கிறார்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது.

அதே கூடத்தில் முதல் ஷிப்டுக்கு வரும் ஒருவருக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ்) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அவர் இங்கு சேர்ந்தபோது நெகட்டிவ் என்பதை அவர் மனைவியே காத்திருப்புக் கூடத்தில் எங்களிடம் வருத்தத்தோடு சொன்னார். மருத்துவமனையில் உடனே அவரை மூலையில் உள்ள ஓர் இயந்திரத்துக்கு மாற்றி, "இனி இது சி பாசிட்டிவ் மிஷின், மற்றவர்களுக்கு எந்தப் பயமும் இல்லை" என்று கூறிவிட்டார்கள். அப்பாவுக்குச் சென்ற மாதம் எடுத்த ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் பொருள்) பரிசோதனை நெகட்டிவ்.

என் ஐயங்கள் இவை. இந்தக் கிருமி இயந்திரத்தின் வழியாகத்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறதா? அப்படியானால் தனி இயந்திரம் ஒன்றே போதுமா? அப்பாவின் நெகட்டிவ் முடிவை நம்பலாமா? அடுத்த மையம் எங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து தளர்ந்துபோன மனிதரை அவ்வளவு தூரம் பேருந்தில் அழைத்து வருவது எளிதல்ல. இங்குள்ள சிஸ்டர்களும் டெக்னீசியன்களும் அப்பாவை அன்பாகவே கவனித்துக்கொள்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் இதைப் பற்றி எப்படிக் கேட்பது என்பதும் தெரியவில்லை.

நெஃப்ரான்:

வணக்கம். நான் சிறுநீரக மருத்துவன். உங்கள் தந்தையின் மருத்துவர் சொல்வதே அவருக்குப் பொருந்தும் என்ற எச்சரிக்கையோடு, பொதுவாகச் சில விளக்கங்களைத் தருகிறேன்.

ஹெபடைடிஸ் சி இரத்தத்தின் மூலம் பரவுவது. ஆனால் அது ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து இயந்திரத்தின் உட்புறம் வழியாக அடுத்தவருக்குப் போகிறது என்ற பரவலான எண்ணத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. வடிகட்டியான டயலைசருக்குள் இரத்தமும் டயாலிசிஸ் திரவமும் ஒரு மெல்லிய சவ்வின் இருபுறமும் ஓடுகின்றன. அந்தச் சவ்வின் துளைகள் சில நானோமீட்டர் அளவே. ஹெபடைடிஸ் சி வைரஸ் ஏறத்தாழ 50 நானோமீட்டர். சவ்வு கிழியாதவரை வைரஸால் அதைக் கடந்து திரவப் பக்கம் வர இயலாது. இரத்தம் ஓடும் குழாய்களும் நோயாளிக்கு நோயாளி வேறு. ஆகவே, ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்துவதாலேயே தொற்று வந்துவிடுவதில்லை.

வைரஸ் போகும் வழி இயந்திரத்தின் வெளிப்புறம்தான். அதைவிட முக்கியமாக, ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் செல்லும் கைகள், கையுறைகள், மருந்துக் குப்பிகள், தள்ளுவண்டி ஆகியவை. பல நாடுகளில் டயாலிசிஸ் பிரிவுகளில் ஏற்பட்ட ஹெபடைடிஸ் சி பரவல்களை ஆராய்ந்தபோது திரும்பத் திரும்பத் தென்பட்ட குறைகள் இவையே: இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தின், பலருக்கும் பொதுவான குப்பியைப் படுக்கை படுக்கையாக எடுத்துச் செல்வது, கையுறை மாற்றாமல் அடுத்த நோயாளியைத் தொடுவது, ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் சரியாகத் துடைக்காதது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே போதும். உலர்ந்த பின்னும் இந்த வைரஸ் பல நாள்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடும்.

இதனால்தான் கேடிகோ எனப்படும் பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல் அமைப்பு, ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்குத் தனி அறையோ தனி இயந்திரமோ தேவையில்லை என்றும், அதற்குப் பதிலாக எல்லா நோயாளிகளிடமும் ஒரே கண்டிப்போடு தூய்மை நடைமுறைகளைப் பின்பற்றி அவற்றைத் தொடர்ந்து தணிக்கை செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001-இல் வெளியிட்ட பரிந்துரையும் இதையே சொல்கிறது.

ஹெபடைடிஸ் பி-யின் கதை வேறு. அதற்குத் தனி அறை, தனி இயந்திரம், தனிக் கருவிகள் கட்டாயம். அந்த நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் அதே ஷிப்டில் எதிர்ப்பாற்றல் இல்லாத மற்றவரைக் கவனிக்கக் கூடாது. இரத்தத்தில் அந்த வைரஸின் அளவு மிக மிக அதிகம். வெளிப்பரப்பில் குறைந்தது ஏழு நாள்கள் தாக்குப்பிடிக்கும். 1969, 1970 ஆண்டுகளில் எடின்பரோவின் டயாலிசிஸ் பிரிவில் ஹெபடைடிஸ் பரவியபோது நோயாளிகள் மட்டுமின்றி மருத்துவமனைப் பணியாளர்களும் இறந்தனர். 1972-இல் ரோசன்ஹைம் குழு அறிக்கை வெளிவந்து, பிரிட்டனில் ஹெபடைடிஸ் பி நோயாளிகளைப் பிரித்துவைக்கும் முறை வந்த பிறகே நிலைமை கட்டுக்குள் வந்தது. நம் ஊரில் பி-க்கு உரிய விதியையே சி-க்கும் நீட்டிக்கொண்டு, "மிஷினைப் பிரித்தாயிற்று, வேலை முடிந்தது" என்று இருந்துவிடுகிறார்கள். என் கவலை அங்கேதான்.

மதுரை டெக்னீசியன்:

மருத்துவர் ஐயா சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பல ஆண்டுகளாக ஷிப்ட் பார்க்கும் டெக்னீசியன் என்ற முறையில், தனி இயந்திரம் என்ற வழக்கத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்று கருதுகிறேன். வழிகாட்டு நூல்கள் எழுதப்படும் ஊர்களில் ஒரு செவிலியருக்கு மூன்று அல்லது நான்கு நோயாளிகள். இங்கே ஆறு ஏழு பேரை ஒருவர் பார்க்கும் இடங்கள் உண்டு. அந்த நெருக்கடியில் எல்லா விதிகளும் எப்போதும் கடைப்பிடிக்கப்படும் என்று எதிர்பார்ப்பதைவிட, ஓர் இயந்திரத்தையாவது ஒதுக்கிவைப்பது கூடுதல் பாதுகாப்பு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களே 2009-இல், தனிமைப்படுத்தத் தேவையில்லை என்ற கொள்கையை எல்லா இடங்களுக்கும் பொதுவாக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் மையம் எப்படி என்று அறிய வேண்டுமானால், டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும் நான்கு மணி நேரத்தைப் பார்க்காதீர்கள். அப்போது எல்லாம் அமைதியாகவும் சுத்தமாகவுமே இருக்கும். முதல் ஷிப்ட் முடிந்து உங்கள் அப்பாவின் ஷிப்ட் தொடங்கும் அந்த அரை மணி நேரத்தைக் கவனியுங்கள்.

முறைப்படி என்ன நடக்க வேண்டும் என்றால், முந்தைய நோயாளியின் ஊசிகளை எடுத்து, இரத்தம் நின்று, அவர் எழுந்து அந்த இடத்தைவிட்டே போன பிறகுதான் துடைக்கத் தொடங்க வேண்டும். பயன்படுத்திய குழாய்கள் சிவப்புப் பைக்கும், ஃபிஸ்டுலா ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கும் போக வேண்டும். பிரைமிங் (தொடங்குமுன் குழாய்களைத் திரவத்தால் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது) செய்யும்போது வழியும் நீரைப் பிடிக்கும் வாளியைக் காலி செய்து அதையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். பெரும்பாலும் மறக்கப்படுவது இந்த வாளிதான். பிறகு இயந்திரத்தின் தொடுதிரை, பொத்தான்கள், பக்கவாட்டுப் பகுதி, நாற்காலியின் கைப்பிடி, படுக்கைக் கம்பி, இரத்த அழுத்தம் பார்க்கும் கஃப், கிளாம்ப்புகள், ஸ்டாண்டு எல்லாம் கிருமிநாசினியால் நன்றாக நனையும்படி துடைக்கப்பட்டு, அதுவாகவே உலர விடப்பட வேண்டும். இதற்குப் பிறகுதான் அடுத்த நோயாளிக்கான புதிய குழாயும் டயலைசரும் அந்த இடத்துக்கு வர வேண்டும்.

நடப்பது என்ன? முந்தையவர் இன்னும் பஞ்சை அழுத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பார். அடுத்தவரின் உறவினர் தலையணையோடு வாசலில் நிற்பார். "எப்போது கனெக்ட் செய்வீர்கள், கடைசி பஸ் போய்விடும்" என்பார். ஒரு கையால் திரையைத் துடைத்துக்கொண்டே மறு கையால் புதுக் குழாயை மாட்டும் நிலைக்கு நாங்கள் தள்ளப்படுகிறோம். இன்னொன்றையும் பாருங்கள்: ஊசியை ஒட்டுவதற்கான மைக்ரோபோர் பட்டைகளை முன்கூட்டியே வெட்டிப் படுக்கைக் கம்பியிலோ இயந்திரத்தின் ஓரத்திலோ வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். முந்தைய நோயாளி பிடித்துக்கொண்டிருந்த கம்பியில் ஒட்டியிருந்த பட்டை, அடுத்தவரின் ஊசி முனைமேல் நேராகப் போய் ஒட்டும்.

டிரான்ஸ்டியூசர் புரொடெக்டர் என்று சிறு வட்டமான வெள்ளை வடிகட்டி ஒன்று, குழாய் இயந்திரத்தோடு இணையும் இடத்தில் இருக்கும். இரத்தம் ஏறி அது நனைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் இயந்திரத்தைத் திறந்து உட்புறத்துக்கும் இரத்தம் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிஞ்சால் காற்றடித்து இரத்தத்தைத் தள்ளிவிட்டு அதையே தொடர்வது தவறு. இயந்திரத்தின் உட்புறம் உண்மையிலேயே வழியாக அமையக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதனால் நெஃப்ரான் ஐயாவின் விளக்கத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெஃப்ரான்:

டிரான்ஸ்டியூசர் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் விட்டிருக்கக் கூடாது. எய்ம்ஸ் கருத்தையும் அறிவேன். நம் நாட்டில் அந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. தனி இயந்திரம் வைப்பதை நான் தவறென்று கூறவில்லை. அந்த மூலை இயந்திரத்துக்கும் பக்கத்து இயந்திரத்துக்கும் ஒரே செவிலியர், ஒரே தள்ளுவண்டி, ஒரே ஹெபாரின் குப்பி என்றால், பிரித்ததால் கிடைத்தது என்ன என்பதே என் கேள்வி.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போதைய மாத்திரைகளால் ஹெபடைடிஸ் சி-யை முழுமையாகக் குணப்படுத்திவிடலாம். குணமான பிறகும் ஆன்டிபாடி பல ஆண்டுகள் பாசிட்டிவாகவே இருக்கும். ஆன்டிபாடியை மட்டும் வைத்து இடம் ஒதுக்கும் மையத்தில், குணமானவரும் கிருமி உள்ளவரும் ஒரே மூலையில் ஒரே இயந்திரத்தில் மாறி மாறி உட்காருவார்கள். ஒருமுறை குணமானால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இந்த நோய்க்கு இல்லை.

காவிரிக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். துடைக்கிறார்கள், ஆனால் ஈரத்துணியால் திரையை மட்டும் ஒரு சுற்று. ஹெபாரின் குப்பி ஒரு தட்டில் இருக்கிறது. சிஸ்டர் அந்தத் தட்டோடு ஒவ்வொரு படுக்கையாகச் சென்று, அங்கேயே சிரிஞ்சில் எடுத்துச் செலுத்துகிறார். ஒவ்வொருவருக்கும் புதுச் சிரிஞ்சுதான் எடுக்கிறார், அதைத் தெளிவாகப் பார்த்தேன். புதுச் சிரிஞ்சு என்றால் அதில் தவறில்லைதானே? கையுறையும் எப்போதும் அணிந்தே இருக்கிறார்கள்.

வார்டு சிஸ்டர்:

தம்பி, நான் ஒரு மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் நல்லதென்று எழுதிய இரண்டிலும்தான் எனக்கு ஐயம்.

ஹெபாரின் குப்பியில் பொதுவாக 5 மில்லிலிட்டரில் 25,000 யூனிட் இருக்கும். அதனால் ஒரே குப்பி பலருக்குப் போகிறது. சிரிஞ்சு புதிதாக இருக்கலாம். ஆனால் குப்பி இருக்கும் தட்டை நோயாளியின் படுக்கையில் வைத்து, அவரைத் தொட்ட கையுறையாலேயே குப்பியைப் பிடித்து, அதன் ரப்பர் மூடியைத் தொட்டு, அடுத்த படுக்கைக்கு அதே தட்டோடு போனால், குப்பியும் தட்டும் கிருமியைச் சுமக்கின்றன. போதாக்குறைக்கு, ஒருவருக்குச் செலுத்திய சிரிஞ்சாலேயே "இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்று மறுபடி குப்பியில் குத்தினால், குப்பிக்குள்ளேயே இரத்தம் போய்விடும். அதன் பிறகு எத்தனை புதுச் சிரிஞ்சு எடுத்தும் பயனில்லை. முறை என்னவென்றால், நோயாளிகள் இருக்கும் இடத்திலிருந்து விலகிய சுத்தமான மேசையில், கைகளைத் தூய்மை செய்துகொண்டு, ரப்பர் மூடியை ஆல்கஹால் பஞ்சால் தேய்த்து, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகச் சிரிஞ்சில் எடுத்துப் பெயர் ஒட்டி, அந்தந்தச் சிரிஞ்சை மட்டும் அவரவரிடம் கொண்டுபோக வேண்டும். குப்பி படுக்கைக்கே போகக் கூடாது. படுக்கைக்குப் போன பொருள் எதுவாக இருந்தாலும், பிரிக்காத பஞ்சுப் பொட்டலமாகவே இருந்தாலும், அது அந்த நோயாளிக்கே உரியது அல்லது குப்பைக்கு உரியது. மேசைக்குத் திரும்பி வரக் கூடாது.

கையுறையைப் பற்றி: எப்போதும் அணிந்திருப்பது நல்ல அறிகுறியல்ல. கையுறை அணிந்தவருக்குத் தன் கை சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். அவர் தொடும் திரைக்கும் பேனாவுக்கும் கேஸ் ஷீட்டுக்கும் தொலைபேசிக்கும் அது பொருந்தாது. ஒரு நோயாளியிடமிருந்து விலகும்போது கையுறையைக் கழற்றி, கைகளில் ஆல்கஹால் திரவம் தேய்த்து, அடுத்தவரிடம் போகும்போது புதிதாக அணிய வேண்டும். அலாரம் அடித்தால் ஓடிப்போய் அணைக்கும் அந்த ஒரு நொடியில்தான் பெரும்பாலும் இது தவறுகிறது. கைகளைத் தூய்மை செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது: நோயாளியைத் தொடுமுன், ஊசி குத்துவது போன்ற தூய்மையான செயலுக்கு முன், இரத்தம் முதலிய உடல் திரவங்கள் பட்டிருக்கக்கூடிய செயலுக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். வார்டுகளில் நான் கணக்கெடுக்கும்போது கடைசித் தருணமே அதிகம் விடுபடும். நோயாளியையே தொடவில்லையே, இயந்திரத்தைத்தானே தொட்டேன் என்பார்கள். டயாலிசிஸில் அந்த இயந்திரமே நோயாளியின் இரத்தம் ஓடும் இடம். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி ஆகும். கையில் இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால் சோப்புதான். ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் கைக்கு எட்டும் தூரத்தில் ஆல்கஹால் பாட்டில் தொங்குகிறதா என்று பாருங்கள். கூடத்துக்கே ஒன்றுதான் என்றால், யாரும் ஒவ்வொரு முறையும் அங்கே நடந்துபோகப் போவதில்லை.

துடைக்கும் ஈரத்துணியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். பல இடங்களில் சோடியம் ஹைப்போகுளோரைட்டுதான். 5 விழுக்காடு கரைசல் வாங்கினால், பரப்புகளைத் துடைக்க ஒரு பங்குக்கு 99 பங்கு தண்ணீர் சேர்த்தால் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கிடைக்கும். இரத்தம் சிந்திய இடத்துக்கு 1 விழுக்காடு வேண்டும், அதாவது ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். இரத்தத்தின் மேல் நேரடியாக ஊற்றினால் இரத்தமே குளோரினைத் தின்றுவிடும். முதலில் உறிஞ்சும் தாளால் இரத்தத்தை எடுத்துவிட்டுப் பிறகே கரைசல். காலையில் கலக்கியது மறுநாளுக்கு ஆகாது. வெயில் படும் சன்னலோரத்தில் கேனை வைத்திருந்தால் வாங்கியபோது இருந்த வீரியமும் இருக்காது. ஒரே துணியை ஒரே வாளியில் முக்கி எட்டு இயந்திரங்களையும் துடைத்தால், முதல் இயந்திரத்தில் இருந்ததை மற்ற ஏழுக்கும் பூசுவதாகும்.

எப்படிக் கேட்பது என்று தயங்கினீர்கள். சிஸ்டரிடம் கேட்காதீர்கள், அவர் ஆள் போதாத ஷிப்டில் ஓடிக்கொண்டிருக்கிறார், கேள்வி அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாகிவிடும். பிரிவின் மருத்துவரிடமோ தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடமோ எழுத்தில் கேளுங்கள்: புதிதாக ஒருவருக்குத் தொற்று வந்திருப்பதால் அதே பிரிவில் உள்ள மற்றவர்களுக்கு என்ன பரிசோதனை, எப்போது செய்யப்போகிறீர்கள், காரணம் ஆராயப்பட்டதா, ஹெபாரின் எங்கே தயாரிக்கப்படுகிறது. மூன்றே கேள்விகள். ஒழுங்கான நிர்வாகம் என்றால் இவற்றுக்கு விடை கையில் இருக்கும், இல்லையெனில் தேடத் தொடங்கும்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஊசி குத்துமுன் அப்பாவின் ஃபிஸ்டுலாக் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். அது ஹெபடைடிஸுக்கு அல்ல. தோலில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஊசி வழியே இரத்தத்துக்குப் போகாமல் தடுக்க. டயாலிசிஸ் நோயாளிகளை மருத்துவமனையில் படுக்கவைக்கும் இரத்தத் தொற்றுகளுக்கு அது ஒரு முக்கியக் காரணம். கழுத்தில் கதீட்டர் என்ற குழாய் போட்டிருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு. அப்பாவுக்கு ஃபிஸ்டுலா வேலை செய்கிறது என்பது இந்தக் கதையிலேயே பெரிய நல்ல செய்தி.

மூன்றாம் ஷிப்ட்:

நான் நோயாளி. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இப்படித்தான் ஹெபடைடிஸ் சி வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இரத்தம் ஏற்றியதால் இருக்கலாம் என்றார்கள். இரத்த வங்கிகளில் பரிசோதனை கட்டாயம் என்பதால் அந்த விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை.

எழுத வந்தது வேறொன்று. முதல் ஷிப்டில் வரும் அந்த மனிதரை யாரும் தள்ளிவைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த பிறகு, காத்திருப்புக் கூடத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். என் தண்ணீர்ச் செம்பைத் தொடமாட்டார்கள். பேசுவதாலும் சேர்ந்து உண்பதாலும் இது பரவாது. 2018-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரல் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரைகள் இலவசம். நான் பன்னிரண்டு வாரங்கள் சாப்பிட்டேன். முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த, கிருமியையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனையில் கிருமி இல்லை. முன்பு டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்கினார்கள், இப்போது கொடுக்கிறார்கள். அவர் மனைவியிடம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைப் பற்றி விசாரிக்கும்படி சொல்லுங்கள். அவர் குணமானால் அந்தக் கூடத்தில் இருக்கும் அனைவருக்கும் ஆபத்து குறைகிறது.

நெஃப்ரான் ஐயா எழுதிய சிக்கல் எனக்கும் நேர்ந்தது. குணமான பிறகும் சில மாதங்கள் என்னைச் சி மூலையிலேயே உட்கார வைத்தார்கள். ஆர்என்ஏ முடிவைக் காட்டி வாதாடித்தான் மாற வேண்டியிருந்தது.

காவிரிக்கரை:

சிஸ்டர் அம்மா சொன்னபடியே மூன்று கேள்விகளையும் எழுதி, பிரிவின் மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. ஹெபாரினை இனி உள்ளே உள்ள மேசையில் எடுத்துக் கொடுக்க ஏற்பாடு செய்வதாகவும், எல்லோருக்கும் பரிசோதனை எடுப்பது குறித்து நிர்வாகத்திடம் பேசுவதாகவும் கூறினார். இரண்டும் நடக்கிறதா என்று பார்த்துவிட்டு மையத்தை மாற்றுவது பற்றி முடிவெடுக்கலாம் என்றிருக்கிறோம். மூன்றாம் ஷிப்ட் ஐயா சொன்னதை அந்த அம்மாவிடம் தெரிவித்துவிட்டேன்.

நெஃப்ரான் ஐயாவிடம் ஒரு கேள்வி: அப்பாவின் நெகட்டிவ் முடிவை எவ்வளவு நம்பலாம்? எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்?

நெஃப்ரான்:

ஆன்டிபாடி பரிசோதனை, உடல் கிருமியை எதிர்த்து உருவாக்கும் பொருளைத் தேடுகிறது. கிருமி நுழைந்து அது உருவாகப் பொதுவாக எட்டு முதல் பதினோரு வாரம் ஆகும்; டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு எதிர்ப்பாற்றல் குறைவு என்பதால் இன்னும் தாமதமாகலாம், சிலருக்கு வராமலும் போகலாம். ஆகவே சென்ற மாத நெகட்டிவ் என்பது, அதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் வரை தொற்று நேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டுமே சொல்கிறது. ஆர்என்ஏ பரிசோதனை கிருமியையே நேரடியாகத் தேடுவது. தொற்று நேர்ந்து ஓரிரு வாரங்களிலேயே காட்டிவிடும். பிரிவில் புதிதாக ஒருவருக்கு வந்திருக்கும் நிலையில், மற்ற அனைவருக்கும் இப்போது ஒருமுறை ஆர்என்ஏ எடுப்பதும், அடுத்த சில மாதங்களுக்கு வழக்கமான ஆறு மாத இடைவெளியைக் குறைத்து அடிக்கடி எடுப்பதும் முறை. எல்லோருக்கும் செய்ய நிர்வாகம் தயங்கினால், அப்பாவுக்கு மட்டுமாவது கேளுங்கள். மாதந்தோறும் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதியின் அளவையும் சேர்க்கச் சொல்லுங்கள், செலவு குறைவு. காரணமின்றி அது உயர்ந்தால் உடனே ஆர்என்ஏ பார்க்க வேண்டும்.

சி-யைப் பற்றிய பதற்றத்தில் பி-யை மறந்துவிடாதீர்கள். சி-க்குத் தடுப்பூசி இல்லை; பி-க்கு இருக்கிறது. தடுப்பூசி போடாத ஒருவருக்குக் கிருமியுள்ள ஊசி குத்தினால் பி தொற்ற 6 முதல் 30 விழுக்காடு வரை வாய்ப்பு உண்டு. எச்ஐவி-க்கு அது 0.3 விழுக்காடு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மற்றவர்களைப் போல் 20 மைக்ரோகிராம் போதாது. 40 மைக்ரோகிராம் வீதம், நம் நாட்டில் பொதுவாகக் கிடைக்கும் தடுப்பூசியானால் 0, 1, 2, 6 ஆகிய மாதங்களில் நான்கு முறை போட வேண்டும். பல மையங்களில் முதல் மூன்றைப் போட்டுவிட்டு ஆறாம் மாதத்தை மறந்துவிடுகிறார்கள். அப்பாவின் கோப்பைத் திறந்து நான்கு தேதிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ஆன்டி எச்பிஎஸ் (பி-க்கு எதிரான ஆன்டிபாடி) அளவு பார்த்திருக்க வேண்டும். 10-க்குக் கீழ் இருந்தால் இன்னொரு முழுச் சுற்றும், 10-க்கு மேல் வந்துவிட்டால் ஆண்டுக்கொரு முறை மறுபரிசோதனையும், எப்போதாவது 10-க்குக் கீழ் இறங்கினால் ஒரு பூஸ்டரும் தேவை. ஆர்என்ஏவுக்கு இரத்தம் எடுக்கும்போதே இதற்கும் சேர்த்து எடுத்துவிடலாம். அப்பாவுக்கு இன்னொரு முறை ஊசி குத்த வேண்டியிருக்காது, டயாலிசிஸ் தொடங்கும்போது குழாயிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.